கேசட்டின் வாயில் சந்தனம்

கம்பெனி பஸ் சில்க் போர்டு சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது என் கையிலிருந்த கேம் மெஷின் அணைந்துபோனது. பேட்டரி தீர்ந்துவிட்டது. சந்தாபுராவில் பஸ் ஏறியதிலிருந்து ஒரு குகைக்குள் இறங்கி, வௌவால்களோடும் களிமண் பூதங்களோடும் மல்லுக்கட்டி, கடைசி அறை வரை வந்திருந்தேன். அந்த அறையைத் தாண்டினால் ஒரு கல் விளக்கு இருக்கும். இந்த விளையாட்டில் கல் விளக்கின் முன்னால் போய் நின்றால்தான் அதுவரை ஆடியதைச் சேமிக்க முடியும். விளக்கைக் கண்ணால் பார்ப்பதற்குள் திரை வெளுத்து, மங்கி, கறுத்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மென்பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. மற்றவர்கள் எழுதித் தருவதைத் தட்டிப் பார்த்து, இங்கே இடிக்கிறது, அங்கே ஒழுகுகிறது என்று சொல்லிச் சொல்லியே பதினைந்து வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். இந்த ஜப்பான்காரர்களின் விளையாட்டு மட்டும் என் மேஜைக்கு வந்திருந்தால் முதல் நாளே திருப்பி அனுப்பியிருப்பேன். நாலு அடி எடுத்து வைத்தால் திரை சுழன்று ஒரு சண்டை. அதை முடித்துத் திரும்பினால் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்பதே மறந்துவிடும், அதற்குள் அடுத்த சண்டை. ஊர்க்காரர்களிடம் வழி கேட்டால் மழையைப் பற்றிப் பேசுவார்கள். எல்லாவற்றையும்விட அந்தப் பை! நான்கு பேர் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கிறார்கள், அவர்களுக்கு இருப்பதோ ஒரே ஒரு பை, அதுவும் என் மதியச் சாப்பாட்டுப் பையைவிடச் சிறியது. புதிதாக ஒரு மருந்துப் புட்டி கிடைத்தால் பழையதில் எதையாவது கீழே போட வேண்டும்.

"மேடம், இதே கேம் போன்லயே வந்துடுச்சு. ஆட்டோ சேவ் எல்லாம் இருக்கு. எதுக்கு இந்த டப்பாவோட பேஜார் படறீங்க?" என்று ஆபீஸில் கேட்கிறார்கள்.

எனக்குத் தெரியாதா? போனில் ஆடலாம். அதைவிட, நெட்டில் தட்டினால் முடிவு என்ன என்பது டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும். அதனால்தான் நான் தட்டவில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு காட்சி. இந்தக் கதையில் பாதி வழியில் பிரிந்து போகும் ஒருத்தி, கடைசியில் திரும்பி வருவாள். அவள் வருவதை நான் என் கண்ணால், நான் அழுத்தும் பட்டனால், அதே சின்னத் திரையில் பார்க்க வேண்டும். சின்ன வயதில் அதற்காகத்தான் காத்திருந்தேன், பார்க்க முடியாமல் போய்விட்டது. அதனால் எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, பழைய மெஷினையும், அதில் செருகும் அதே விளையாட்டுக் கேசட்டையும் தேடிப் பிடித்தேன். நாங்கள் அதைக் கேசட் என்றுதான் சொல்வோம். கடைக்காரர் வேறு ஏதோ பெயர் சொன்னார்.

முதல் மெஷினை அனுப்பியது அம்மா. அப்போது அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். அந்த வீட்டுப் பிள்ளை ஆடிச் சலித்துத் தூக்கிப் போட்டதை எடுத்துத் துடைத்து, லீவில் ஊருக்கு வந்த ஒரு பெண்ணிடம் பால் பவுடர் டின்னோடும் சோப்புகளோடும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருந்தாள். மர்பி டவுனில் எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும். அப்பா ஆட்டோ எடுத்துக்கொண்டு விடியும்முன் போய்விடுவார். அக்கா ஒன்பதாவது படித்தாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், எழுத்துகள் சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது தெரியாது. ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் பட்டனை அழுத்துவேன், அக்கா என் தோள் வழியாக எட்டிப் பார்த்துப் படித்துச் சொல்வாள்.

அவள் சொல்லும்போது அந்த உலகத்தில் எல்லோரும் எங்கள் தெருப் பேச்சுதான் பேசுவார்கள். ராஜா தண்ணீர் லாரிக்காரர் மாதிரி அதட்டுவார். பூதம்கூட, "இன்னாடா, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றுதான் கேட்கும். எங்கள் நான்கு பேரில் ஒருத்தி வைத்தியம் பார்ப்பவள். அவளை வைத்தியக்காரி என்றே கூப்பிட்டோம். அடிபட்டவனைக் கோலால் தொட்டால் சரியாகிவிடுவான். எனக்கு அவள்மேல்தான் உயிர். கிடைப்பதில் நல்லதையெல்லாம் அவளுக்கே மாட்டிவிடுவேன்.

பாதிக் கதையில் கடலுக்கடியில் ஒரு பெரிய கதவு வரும். உள்ளே இருந்து ஒருவர் பிடித்து இழுத்தால்தான் அது மூடும், மூடினால்தான் கடல் ஊருக்குள் வராது. வைத்தியக்காரி கோலையும் சால்வையையும் மோதிரத்தையும் கழற்றி எங்கள் பையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் ஏதோ பேசினாள். அக்கா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொல்றா?" என்று கேட்டேன்.

"வேலை இருக்குதாம். முடிச்சிட்டு வந்துடுவாளாம். இதெல்லாம் பத்திரமா வெச்சிக்கினு இருங்கன்றா."

வைத்திருந்தேன். பை நிரம்பி வழிந்தபோதும் அவளுடைய கோலைக் கீழே போடவில்லை. மற்ற மூவரும் அடிபட்டுச் சாகக் கிடந்தபோதும் அவளுடைய பொருள் பைக்குள் அப்படியே இருந்தது. கடைசிக் கோட்டை வரை வந்துவிட்டோம்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. அப்பா ஆட்டோவைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டார். வீட்டுக்குள் பூஜையை அம்மா இடத்தில் இருந்து அக்காதான் செய்தாள். அப்பாவின் ஸ்பேனர், அரிவாள்மனை, இஸ்திரிப் பெட்டி, எங்கள் புத்தகங்கள் எல்லாவற்றையும் பலகையில் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மெஷினையும் வைத்தாள். அதுவும் ஒரு கருவிதானே என்றாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. மறுநாள் எடுத்து ஆன் செய்தால் திரையில் ஒரே ஒரு கோடு. கேசட்டைக் கழற்றிப் பார்த்தோம். கேசட்டின் வாயிலும், கேசட் போய் உட்காரும் பள்ளத்திலும் சந்தனம் கெட்டியாகக் காய்ந்திருந்தது. அப்பா குண்டூசியால் சுரண்டினார். ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "போர்டு போச்சு. யாருய்யா இதுக்குள்ள சந்தனம் பூசினது?" என்று கேட்டார்.

நான் தரையில் புரண்டு அழுதேன். அக்காவுக்குப் பக்தி ஜாஸ்தி, கை நிதானம் கம்மி என்று அப்பா சமாதானம் சொன்னார். அடுத்த வருடம் அம்மா திரும்பி வந்தாள், மெஷின் எங்கே என்று கேட்டாள், கெட்டுவிட்டது என்று அக்கா சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எனக்கு மட்டும் முடியவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், ஆபீஸில் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்க யாராவது தட்டோடு வந்தால், திரை ஓரத்தில் லேசாக வை, உள்ளே எங்கும் படக்கூடாது என்று எரிந்து விழுவேன். அவர்கள் என்னைச் சாமி நம்பிக்கை இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். சில்க் போர்டில் போன குகையை மறுபடி முதலிலிருந்து ஆடி, சார்ஜ் ஏற்றும் பேட்டரி வாங்கி, பஸ்ஸிலும் கேன்டீனிலுமாக உருட்டி, கடலடிக் கதவுக்கு வந்து சேர்ந்தேன். இந்தத் தடவை படிக்க எனக்கு யாரும் தேவையில்லை. வைத்தியக்காரி கோலையும் சால்வையையும் மோதிரத்தையும் பையில் போட்டாள். திரும்பி நின்றாள். கீழே எழுத்து ஓடியது. உள்ளே இருப்பவர் கையை எடுத்தால் கதவு திறந்துவிடும், நான் எடுக்க மாட்டேன், எனக்காகக் காத்திருக்காதீர்கள். அவ்வளவுதான். வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன், பத்திரமாக வைத்திருங்கள் என்று எதுவும் இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கேன்டீன் மேஜையில் மெஷினை டக்கென்று வைத்தேன். ஒரு நிமிஷம் கழித்து நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கதையில் அப்படித்தான் சொல்வார்கள். திறக்காது என்று சொன்ன கதவுதான் கடைசியில் திறக்கும். அக்கா அவ்வளவு உறுதியாகச் சொன்னாளே, பின்னால் எங்கேயாவது ஒரு கிழவனோ மீனவனோ அவள் வருவாள் என்று சொல்லியிருப்பான், அதைத்தான் அவள் முன்கூட்டிச் சொல்லியிருப்பாள். அதன்பிறகு ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு ஆளிடமும் போய்ப் பேசினேன். எல்லோரும் மழையைப் பற்றியே பேசினார்கள்.

கோட்டைக்கும் வந்தாயிற்று. கடைசிப் பூதம் என்னை அடித்து நொறுக்கியது. மறுபடி விளக்கிலிருந்து கிளம்பினேன், மறுபடி அடி. காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். பையில் மருந்து வைக்க இடம் இல்லை. கோலும் சால்வையும் மோதிரமும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன, வேறு யாராலும் அவற்றை மாட்டவும் முடியாது. கீழே போட்டால் ஜெயிக்கலாம். போட்டபிறகு அவள் வந்து நின்றால்? வெறுங்கையோடு அவளைச் சண்டைக்கு நிறுத்த முடியுமா? நாற்பதை நெருங்கும் ஒருத்தி கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து இதற்காகத் தவித்துக்கொண்டிருந்தாள் என்பதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் தவித்தேன். ஞாயிற்றுக்கிழமை மெஷினைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மர்பி டவுனுக்குப் போனேன். அவள் வருவாள் என்று எங்கே படித்தாய் என்று அக்காவிடமே கேட்டுவிடலாம்.

அக்காவும் அம்மாவும் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். அப்பா போன பிறகு ஆட்டோவை விற்றாயிற்று. அது நின்ற இடத்தில் அக்காவின் ஸ்கூட்டர் நிற்கிறது. சமையல்கட்டில் அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். அக்கா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெஷினை எடுத்துத் துணிக்குவியல்மேல் வைத்தேன். அவள் கை நின்றது.

"இத்த எங்க புடிச்ச?"

"எஸ்.பி. ரோட்ல. அக்கா, ஒண்ணு கேக்கறேன், ஒழுங்கா பதில் சொல்லு. வைத்தியக்காரி திரும்பி வருவான்னு சொன்னியே, அது எங்க போட்டிருந்துச்சு?"

"எங்கயும் போடல."

"அப்போ ஏன் சொன்ன?"

"வேற இன்னா சொல்லச் சொல்ற? காத்துனு இருக்காதீங்கன்னு எழுதியிருந்துச்சு. அத்த படிச்சு உன்கிட்ட சொல்றதா?" அவள் ஒரு துண்டை உதறி மடித்தாள். "பிடு. பழைய கதை."

பிடு என்றால் கன்னடத்தில் விடு என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை வந்தால் அதற்குமேல் யாரும் பேசக்கூடாது. எனக்கு அன்று அடங்கவில்லை. பொய் சொன்னதும் நீ, மெஷினைப் பாழாக்கியதும் நீ, அந்தச் சந்தனத்தை மட்டும் வெளியே வைத்திருந்தால் முடிவை அப்போதே பார்த்துத் தொலைத்திருப்பேன், இத்தனை வருஷம் கழித்து பஸ்ஸில் பைத்தியம் மாதிரி உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று கத்தினேன். அது அம்மா அனுப்பியது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அக்கா சமையல்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கை தவறிப் படல. நான்தான் உள்ள தடவினேன். கேசட்ட கழட்டி, கெட்டியா கொழச்சு, தெரிஞ்சேதான் தடவினேன்."

நான் துணிக்குவியல்மேல் கிடந்த மெஷினைப் பார்த்தேன். அக்கா விடாமல் சொன்னாள்.

"அப்ப அம்மா போன் பண்ணி எவ்ளோ நாள் ஆச்சின்னு உனக்குத் தெரியுமா? பக்கத்து வீட்டுக்கு வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம போன் வரும், ஞாபகம் இருக்குதா? அது நின்னு பல மாசம் ஆயிருந்துச்சு. அம்மாவுக்கு வேலை ஜாஸ்தின்னு உன்கிட்ட சொல்லி வெச்சிருந்தோம். அப்பா சவாரி விட்டுட்டு, அம்மாவ அனுப்பி வெச்ச ஏஜென்ட் ஆபீசுக்கே போயிட்டு போயிட்டு வந்தாரு. ஆபீஸ் பூட்டிக் கிடக்குதுன்னு பக்கத்து வீட்டு அங்கிள்கிட்ட சொல்லிக்கினு இருந்தாரு, நான் கேட்டுட்டேன். இருக்காளா இல்லையான்னே தெரியலன்னாரு."

"எனக்கு யாருமே சொல்லலயே."

"எனக்கு மட்டும் யார் சொன்னாங்க?" மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். "நீ இன்னா பண்ண தெரியுமா? தெனமும் ஒரே பாட்டு. வைத்தியக்காரி வந்துட்டான்னா அம்மாவும் வந்துரும். சாப்பிடும்போது அதான், பல்லு வெளக்கும்போது அதான். கடைசி கோட்டைக்கு வேற வந்துட்ட. இன்னும் ஒரு நாள் ஆடினா முடிஞ்சிடும். அவ வரமாட்டான்னு எனக்குத் தெரியும். முடிஞ்சதும் நீ திரும்பி என் மூஞ்சதான் பாப்ப. நான் இன்னா சொல்லுவேன்? சொல்லு. எனக்குப் பதினாலு வயசு."

நான் அப்படிச் சொன்னதாக எனக்குக் கொஞ்சமும் ஞாபகம் இல்லை. புரண்டு அழுதது ஞாபகம் இருக்கிறது, காய்ந்த சந்தனத்தின் வாசனை ஞாபகம் இருக்கிறது, ரிப்பேர் கடைக்காரரின் மூக்குக் கண்ணாடிகூட ஞாபகம் இருக்கிறது. இது இல்லை. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. இத்தனை வருடம் நான் திட்டிக்கொண்டிருந்தேன், அவள் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். கேட்டேன்.

"அம்மாதான் வந்துடுச்சே. அப்புறம் எதுக்கு சொல்லணும்?" என்றாள். பிறகு மெஷினைக் கையில் எடுத்து ஆன் செய்தாள். எந்தப் பட்டன் எதற்கு என்று அவள் விரலுக்கு மறக்கவில்லை. பையைத் திறந்து பார்த்தாள். கோல், சால்வை, மோதிரம். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூட நாட்களில் வருமே, அதே கோபம்.

"ஐயே, இன்னும் வெச்சிக்கினு இருக்கியா இதெல்லாம்? மருந்து இல்லாம எப்படிடி ஜெயிப்ப? மூணு பேர சாகடிச்சிக்கினு இருக்க. தூக்கிப் போடு."

"போடமாட்டேன்."

"அவ வரமாட்டாடி!" என்று கத்திவிட்டாள்.

அது மட்டும் சமையல்கட்டில் கேட்டுவிட்டது. கரண்டிச் சத்தம் நின்றது.

"யாரு வரமாட்டா?" என்று அம்மா உள்ளிருந்தே கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நானும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் இல்லம்மா," என்றாள் அக்கா, அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாக. "எல்லாரும் வந்தாச்சு."

"வந்தாச்சுன்னா கைய கழுவிக்கினு உக்காருங்க. குழம்பு ஆறுது."

அக்கா மெஷினை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். எனக்குக் கோபம் முழுக்கத் தீரவில்லை. பை திறந்தபடியே இருந்தது. அம்மா தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. கை கழுவப் போனேன்.